கமாகுரா ஹச்சிமன் ஆலயப் பயணம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நவம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைத் தோக்கியோவுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள கமாகுரா ஊரின் சுருகவோக்கா ஹச்சிமன்கூ ஆலயத்துக்கு அழைத்துச் செல்கிறோம். தோக்கியோவிலேயே ஆலயங்கள் இருக்க அவ்வளவு தூரம் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். புத்தாண்டில் வகுப்புத் தோழர்களோடு, ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷின்டோவின் ஆலயத்துக்குப் போகும் நம் பிள்ளைகள், அங்கே மற்றவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்துவிட்டு வருகிறார்கள். அக்கம்பக்கத்தார் கும்பிடும் இடத்தில் முறை தெரிந்து நிற்பது மரியாதை. அதை ஒருநாள் முழுவதும் நிதானமாகக் கற்கவேண்டும் என்றால், வரலாறும் வழிபாடும் ஒன்றாகக் கிடைக்கும் கமாகுராதான் சரியான இடம்.

1063-இல் மினமோட்டோ நோ யோரியோஷி என்ற போர்த்தலைவர் கடற்கரையருகே நிறுவிய இந்த ஆலயத்தை, அவர் வழிவந்த யோரிதோமோ 1180-இல் இப்போதுள்ள இடத்துக்கு மாற்றினார். பிறகு ஜப்பானின் முதல் சாமுராய் (போர்வீரர்) அரசு கமாகுராவில் அமைந்தபோது, ஊரே இந்த ஆலயத்தை மையமாக வைத்து வளர்ந்தது. இன்று நாம் காணும் மேல் சன்னதி 1828-இல் கட்டப்பட்டது. அதற்கு ஏறும் படிக்கட்டின் ஓரத்தில் நின்ற பெரிய ஜிங்கோ மரம் 2010 மார்ச் 10 அதிகாலை வீசிய பலத்த காற்றில் வேரோடு சாய்ந்தது. நின்ற இடத்திலிருந்தே புதிய தளிர்கள் கிளம்பி வளர்ந்திருக்கின்றன. பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பேன்.

நம் கோயில் பழக்கத்தோடு வரும் பிள்ளைகள் சில இடங்களில் திகைப்பார்கள். இங்கே வாசலில் செருப்பைக் கழற்றுவதில்லை. பிரகாரம் சுற்றுவதில்லை. தீபாராதனை கிடையாது. "சாமி எங்கே?" என்று சிறியவர்கள் கேட்பார்கள், ஷின்டோவில் தெய்வம் குடிகொண்ட பொருள் உள்ளறையில் மறைவாக இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

தோரி எனப்படும் நுழைவாயிலில் ஒருமுறை தலைவணங்கி, நடுவழியைத் தெய்வத்துக்கு விட்டு ஓரமாக நடக்க வேண்டும். அடுத்தது தண்ணீர்த் தொட்டி. வலக்கையில் அகப்பையைப் பிடித்து முதலில் இடக்கையைக் கழுவ வேண்டும், பிறகு வலக்கை, பிறகு இடது உள்ளங்கையில் நீரை ஊற்றி வாய் கொப்பளித்து, மீண்டும் இடக்கை. அகப்பையில் நேராக வாய் வைக்கவே கூடாது. கடைசியில் அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால், மிச்ச நீர் கைப்பிடி வழியே வழிந்து, அடுத்து எடுப்பவருக்காக அதையும் கழுவிவிடும். இவை எல்லாவற்றையும் ஒரே அகப்பை நீரில் முடிக்க வேண்டும். வகுப்பில் வாளியும் கரண்டியும் வைத்துப் பழக்கியபோது எல்லோரும் மறந்தது அந்தக் கடைசிப் படியைத்தான். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், வீட்டிலும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். சில ஆலயங்களில் இப்போது அகப்பைகளை எடுத்துவிட்டார்கள். அப்படியிருந்தால் ஓடும் நீரிலேயே இந்த வரிசைப்படி கழுவலாம்.

சன்னதிமுன் காணிக்கை நாணயத்தை மெதுவாகப் போட்டு, இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை வணங்குவார்கள். நம் பள்ளியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வணங்க விரும்பாத பிள்ளை ஒதுங்கி அமைதியாக நிற்கலாம். யாரையும் வற்புறுத்த மாட்டோம், யாரும் காரணம் சொல்லவும் தேவையில்லை. ஆனால் கைதட்டுவதைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் அனுமதிக்க மாட்டேன்.

மேல் வாயிலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் முதல் எழுத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டு புறாக்கள் சேர்ந்து அந்த எழுத்தாக நிற்கும். புறா, இந்த ஆலயத்தின் தெய்வமான ஹச்சிமனின் தூதுப்பறவை. கீழே குளத்தின் தீவில் பென்சைதென் சன்னதி இருக்கிறது. நம் சரஸ்வதிதான் பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்து, வீணைக்குப் பதில் பீவா என்ற நரம்பிசைக் கருவியை ஏந்தியிருக்கிறாள். 1868 வரை இதே வளாகத்தில் பௌத்தமும் ஷின்டோவும் கலந்தே இருந்தன. மெய்ஜி பேரரசரின் புதிய அரசு இரண்டையும் பிரித்த பிறகு பௌத்தக் கட்டடங்கள் அகற்றப்பட்டன. மேல் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

வேண்டுதல் எழுதும் மரப்பலகையில் தமிழிலேயே எழுதலாம். என்ன எழுதுவது என்று வீட்டிலிருந்து சொல்லி அனுப்பாதீர்கள், அது பிள்ளையின் விருப்பமாக இருக்கட்டும். மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளுக்கான ஷிச்சி-கோ-சான் விழாக்காலம் அது. கிமோனோ உடுத்திய குழந்தைகள் நிறைய வருவார்கள். பெற்றோரைக் கேட்காமல் அவர்களைப் படமெடுக்கக் கூடாது.

காலை எட்டரை மணிக்குத் தோக்கியோ நிலையத்தில் யோகோசுகா வழித்தட நடைமேடையில் கூடுவோம்; பயணம் சுமார் ஒரு மணி நேரம். கட்டுச்சோறு, தண்ணீர், கைக்குட்டை, ஐந்து யென் நாணயங்கள் சில கொடுத்தனுப்புங்கள். கமாகுராவில் பருந்துகள் பின்னாலிருந்து பாய்ந்து கையிலிருக்கும் உணவைப் பறித்துச் செல்லும். அதனால் திறந்தவெளியில் யாரும் சாப்பிடக் கூடாது, ஆசிரியர்கள் காட்டும் இடத்தில்தான் உணவு. உடன்வர இயலும் பெற்றோர் நால்வர் தேவை. ஒப்புதல் படிவத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பாசிரியரிடம் கையொப்பமிட்டுத் தாருங்கள். ஒவ்வாமை, மருந்து விவரங்களைப் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்