மல்யுத்த உடையைக் கோமாளி வேஷம் என்று எழுதலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த தொழில்முறை மல்யுத்தக் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்தது, விழுகிற அடி மட்டும் நிஜம் என்பதையெல்லாம் கட்டுரையாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் உடையைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் "கோமாளி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார்கள்" என்று. நான் கிருஷ்ணகிரியில் பள்ளி ஆண்டு விழா, மாறுவேடப் போட்டிக்கெல்லாம் டிரஸ் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருப்பவள். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

கட்டுரையாளர் தருமபுரிக்காரர் என்று போட்டிருந்தீர்கள். அங்கே பாரதக் கூத்துப் பார்க்காமலா வளர்ந்திருப்பார்? துரியோதனன் வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள், திரைக்கு மேலே கிரீடம் மட்டும் ஆடும், கீழே சலங்கைக் கால் தெரியும், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைசியில் பாய் போட்டுப் படுத்திருக்கிற பாட்டி எழுந்து உட்கார்ந்துவிடும். அண்டர்டேக்கர் என்ற அமெரிக்க மல்யுத்த வீரர் வரும்போது விளக்கை அணைத்து மணி அடித்ததும் இதே வேலைதான். 1990-இல் அவர் முதலில் வந்தபோது கறுப்புத் தொப்பி, நீளக் கோட்டு, டை, சாம்பல் நிறக் கையுறை. அப்புறம் கையுறை ஊதா ஆனது. 2000-இல் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு மோட்டார் பைக்கில் வந்தார். 2004-இல் ரெசில்மேனியா என்ற வருடாந்திரப் பெரிய போட்டியில் கேன் என்ற வீரரோடு மோத அதே பழைய தொப்பியும் கோட்டுமாகத் திரும்பி வந்தபோது அரங்கமே எழுந்து நின்றதே, அன்றைக்கு அவர் அடித்த அடி ஒன்றாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கேன் மட்டும் என்ன, 1997-இலிருந்து 2003 வரை முகமூடிக்குள் தீக்காயம் இருக்கிறது என்று உலகத்தையே நம்ப வைத்தவர்.

பிள்ளைகள் விளையாடுகிற மல்யுத்த டிரம்ப் கார்டு சீட்டில் ஒவ்வொரு வீரரின் உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ் என்று எல்லாம் போட்டிருக்கும். ஆனால் என் தம்பி சீட்டின் ஓரத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வான், அது உடையின் நிறத்தை வைத்துத்தான். மஞ்சளும் சிவப்பும் தெரிந்தால் ஹல்க் ஹோகன், வேறு யார்?

தைக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு விஷயம் தெரியும். உள்ளே வரும்போது போட்டிருப்பது வேறு, சண்டைக்குப் போடுவது வேறு. ரிக் ஃபிளேர் தோளில் மின்னுகிற அங்கியில் கல்லும் ஜமிக்கியும் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம், சண்டை தொடங்குகிற மணி அடிப்பதற்கு முன் கழற்றிவிடுவார், யார் உடம்பையும் கிழிக்காது. உள்ளே போடுகிற துணி நாலு பக்கமும் இழுபட வேண்டும், தையல் விட்டால் மானம் போய்விடும். மெக்சிகோ முகமூடிகளைப் பின்பக்கம் நாடா கோத்து இறுக்குகிறார்கள், இல்லாவிட்டால் கண் ஓட்டை கன்னத்துக்கு வந்துவிடும். ரே மிஸ்டீரியோ என்ற முகமூடி வீரரைப் போல முகமூடி கேட்டு என் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எலாஸ்டிக் வைத்துத்தான் கொடுக்கிறேன், அது வேறு கதை. ஆனால் மெக்சிகோவில் முகமூடி விளையாட்டுச் சாமான் இல்லை. எல் சாண்டோ என்ற வெள்ளி முகமூடிக்காரர் 1984-இல் இறந்தபோது முகமூடியோடுதான் புதைத்தார்கள். தோற்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்று பந்தயம் கட்டியே அங்கே சண்டை நடக்கும்.

இந்த ஆடம்பரத்துக்குப் பெரிய அண்ணன் 1940-களில் அமெரிக்காவில் இருந்த கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்த வீரர். முடியைப் பொன்னிறமாக்கிச் சுருட்டிக்கொண்டு, அங்கி போட்டு, வேலையாளை விட்டு மேடையெங்கும் வாசனைத் திரவியம் அடிக்க வைப்பார். இவன் எப்போது தோற்பான் என்று பார்க்கவே ஜனங்கள் காசு கொடுத்து வந்தார்கள். அவரைப் பார்த்துத்தான் வாய்ச் சவடால் பழகியதாக முகமது அலியே சொல்லியிருக்கிறார்.

எல்லாரும் ஜொலிக்கத்தான் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஸ்டீவ் ஆஸ்டினுக்குக் கறுப்பு ஜட்டியும் கறுப்பு பூட்ஸும்தான். சுற்றி எல்லாரும் மினுக்கும்போது அவர் மட்டும் வெறுமையாக நின்றதே அவருக்கு வேஷம். ஜான் சீனா புதுப் புது நிறத்தில் டிஷர்ட் மாற்றியது வியாபாரத்துக்காக, கடைக்காரியாகிய நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். 2019-இல் ரியாத்தில் நடால்யாவும் லேசி எவன்ஸும் மோதினார்கள், சவுதியில் நடந்த முதல் பெண்கள் போட்டி அது. உடம்பு முழுக்க மூடிய உடை, அதன் மேல் டிஷர்ட். அந்தப் போட்டியைப் பற்றி எழுதிய எல்லாரும் முதலில் எழுதியது அந்த உடையைப் பற்றித்தானே?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால் தைத்தவர்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள். ஃபிளேரின் அங்கிகள் பலவற்றைத் தைத்தவர் ஒலிவியா வாக்கர் என்ற பெண், அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்புறம் கண்ணைப் பறிக்கிற கலர் உடை போட்ட ரேண்டி சாவேஜ் படத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டிருந்தீர்கள். அந்த மனுஷனையாவது கலரில் போட்டிருக்கக் கூடாதா?

ஒரு வாசகி,
கிருஷ்ணகிரி.