கட்டியிலிருந்து எடுக்கும் சீழைப் பரிசோதனைக்கு அனுப்ப ஒரு வழி செய்யுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தோலில் கட்டியை உண்டாக்கும் ஸ்டாஃப் (ஸ்டஃபைலோகாக்கஸ்) கிருமி மருந்துக்கு அடங்காமல் போவதைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் ஆண்டறிக்கைகள் தங்கள் மேசைக்கு வருபவை. பெரிய மருத்துவமனைகளில் கண்டெடுத்த ஸ்டாஃப் கிருமிகளில் மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காதவை 2016இல் 28.4 சதவீதம், 2021இல் 42.6 சதவீதம் என்று அவற்றில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கணக்குக்குள் வராத ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். பள்ளி, கல்லூரிப் பையன்களுக்குக் கபடி சொல்லித் தருபவன் நான்.

சென்ற கோடை முகாமில் எங்கள் ரெய்டர் ஒருவனுக்குத் தொடையில் கட்டி வந்தது. பதினேழு வயது. கபடி ஆடும் மேட் விரிப்பில் உராய்ந்து தோல் வழன்ற இடம். சூட்டுக் கட்டி என்று வீட்டில் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். வலி தாங்காமல் போனதும் அவன் அப்பா மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கி வந்தார். யாரும் சீட்டு கேட்கவில்லை. அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்தது செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக். 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து அது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டைப் பார்த்து விற்றாலும் நோயாளி பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். போதாததற்கு, ஸ்டாஃப் கிருமிக்கு அந்த மருந்து சரியாகக் கேட்கவும் கேட்காது.

பிறகு வட்ட மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த மருத்துவர் கனிவோடு பார்த்தார், கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினார். அந்தச் சீழ் பஞ்சோடு சேர்ந்து குப்பைக் கூடைக்குப் போயிற்று. கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அங்கே வசதி இல்லை, வெளியே அனுப்பவும் ஏற்பாடு இல்லை. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்பதை அவர் தன் அனுபவத்தை வைத்து ஊகித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை.

சில நாளில் பையனுக்குக் குளிர்சுரம், இருமலில் ரத்தம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தபோது கிருமி நுரையீரலுக்குப் போயிருந்தது. அங்கேதான் முதன்முதலாகக் கல்ச்சர் எடுத்தார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃப், என்று வந்தது. வான்கோமைசின் ஏற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் ஊரே கடன்பட்டிருக்கிறது. ஆனால் கபடியில் ஏறிப் போகிறவனுக்கு மூச்சுதான் எல்லாம். எதிரணிக் களத்தில் பாட்டு அறுந்தால் ஆள் அவுட். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு கோட்டைத் தொட்டுத் திரும்பிய பையன், இன்று மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று இளைக்கிறான். “மொதல்ல எடுத்தாங்களே சீழு, அதையே டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தா தெரிஞ்சிருக்குமா சார்?” என்று அவன் அம்மா என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தாங்கள் என்பதால்தான் இந்த மடல்.

அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அணியில் வேறு சிலருக்கும் கட்டி கிளம்பியது. ஒரே துண்டு, ஒரே மேட், தோலோடு தோல் உரசும் ஆட்டம். இப்படிப் பரவுவது உலகுக்குப் புதிதும் அல்ல. 2003இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) அணியில் 58 வீரர்களில் 5 பேருக்கு இதே எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தது, அதுவும் செயற்கைப் புல்லில் உராய்ந்த காயங்களில். அங்கே மாதிரி எடுத்தார்கள், எப்படிப் பரவியது என்று தேடினார்கள், துண்டைப் பகிர்வதிலிருந்து எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். நம் துணைக்கண்டத்திலேயே உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவிய எம்.ஆர்.எஸ்.ஏ. வகை ஒன்றுக்கு ஆய்வாளர்கள் வங்காள விரிகுடாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காத வகை. நம் கடலின் பெயரைத் தாங்கிய கிருமி நம் பிள்ளைகளின் கட்டியில் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் ஊரில் வழியில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். கட்டியைக் கீறும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலிருந்தும் அந்தச் சீழ் பரிசோதனைக்குப் போக வேண்டும். வட்டம்தோறும் நுண்ணுயிரியல் கூடம் கட்டச் சொல்லவில்லை. மாதிரி எடுக்கும் குச்சியும் குழாயும், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு அதைக் கொண்டுசேர்க்க ஓர் ஆளும் போதும். காசநோய்க்குச் சளி மாதிரியை இப்படித்தானே ஊர் ஊராக எடுத்துப் போகிறோம்? இரண்டு மூன்று நாளில் முடிவைத் தொலைபேசியில் சொன்னால், மருத்துவர் ஊகிக்க வேண்டியிராது. எங்கள் பையன்களும் கணக்கில் வருவார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கபடி நம் மாநில விளையாட்டு. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றபோது, அதில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகாவை நாடே கொண்டாடியது. எங்கள் பையன்களும் துள்ளினார்கள். பதக்கத்தோடு வருகிறவர்களுக்கு மாலையும் பரிசும் தருவது நல்லதுதான். பதக்கத்துக்கு வெகு தூரத்தில், ஒரே துண்டை நான்கு பேர் பகிர்ந்துகொண்டு ஆடுகிறவர்களின் உடம்பு யார் பொறுப்பு? பக்கத்துக் கேரளத்தில் 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைச் சோதனையிட்டார்கள். இங்கே எங்கள் தெருக் கடையில் எச்1 பதிவேட்டை யாராவது வந்து புரட்டிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சட்டம் எழுதிப் பத்தாண்டுகள் கடந்த பிறகும் அது சீட்டு வேண்டும் என்று எச்சரிக்கும் மாத்திரை அட்டையின் சிவப்புக் கோட்டோடு நின்றுவிட்டது என்பதை நினைத்தால் கோபம் வருகிறது.

கோபத்தில் ஏதும் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் துறையின் மருத்துவர்கள்தான் அந்தப் பையனை எங்களுக்குத் திருப்பித் தந்தார்கள் என்பதை மறக்கவில்லை. அடுத்த கோடை முகாம் ஏப்ரல் கடைசியில் தொடங்கும். அதற்குள் எங்கள் வட்ட மருத்துவமனையிலிருந்தாவது சீழ் மாதிரிகளை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப உத்தரவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாதிரியைக் கொண்டுபோக ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், முதல் பேருந்தில் நானே எடுத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கபடிப் பயிற்சியாளர்