டேப் தொலையவில்லை

தம்பி,

மே 9 வந்து போனது. 2017-இல் நம் டிவி ஹீரோ பிக் பிளாக் இறந்த செய்தி கேட்ட அன்று உன் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு போனை வைத்தேன். இந்த வருடமும் அதேதான். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், பொறுமை போனால் சித்தியிடம் நீட்டுவாய். ஆகவே சில இடங்களில் பூசி மெழுகியிருப்பேன், புரிந்துகொள். (சித்தி, அமெரிக்காவில், ஒஹாயோவின் கெட்டரிங்கில் உங்கள் வீட்டில் தின்ற சோற்றை நான் மறக்கவில்லை.)

ஸ்கேட்போர்டு வீரர் ராப் டிர்டெக் உன் ஊர்க்காரர் என்று உனக்கு அப்போது என்ன திமிர்! எனக்குப் பிடித்தது பிக் பிளாக்தான். ராப் தெருவில் ஸ்கேட் செய்யும்போது செக்யூரிட்டி விரட்டினால் குறுக்கே நிற்க ஓர் ஆள் வேண்டும். ஷூ கம்பெனி வீடியோவுக்காக அப்படி வந்தவர்தான் அவர். இருவரும் நடித்த 'ராப் அண்ட் பிக்' டிவி தொடர் அதிலிருந்துதான் முளைத்தது. "நீதான் என் பிக் பிளாக்" என்றாய். அப்போது என் எடை 58 கிலோ.

அந்த வங்கிப் படிக்கட்டு. ஏழு படி, நடுவே கம்பி. கேமரா என் கையில். நான்காவது தடவை ஸ்கேட்போர்டு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாய். செக்யூரிட்டி வெளியே வந்து உன்னைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் கேட்டார், இவன் உன்னோடு வந்தவனா என்று. நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். சிரித்தாய்கூட. நான் பேசிச் சமாளித்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய்.

தெரியாது என்றேன். சொல்லிவிட்டு நடந்தேன். தெரு முனை திரும்பும்வரை ஓடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கூசுகிறது.

நான் மாணவர் விசாவில் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. போலீஸில் பெயர் ஏறினால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். நீ அங்கேயே பிறந்தவன், உனக்கு மிஞ்சினால் ஒரு திட்டு. பார், மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தால் விசா கதைக்குப் போய்விடுகிறேன்.

ஆனால் நீ மட்டும் என்ன? அந்தக் கல்யாண வீட்டில், அத்தனை பேர் நடுவே, "ராப்பும் இவனை மாதிரிதான், பயந்துபோய் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன்னைத் தவிர யாருக்கும் அர்த்தம் தெரியாது. அதற்கு மேல் அன்று நடந்ததை இங்கே எழுதமாட்டேன்.

சோபா என்றால் 'ரிடிக்யுலஸ்னஸ்'. ராப் சோபாவில் உட்கார்ந்து, ஊரில் யார் யாரோ விழும் வீடியோவைப் போட்டுச் சிரித்த நிகழ்ச்சி. 2011-இல் தொடங்கி, 2020 ஜூனில் ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் எம்டிவி 113 மணி நேரம் அதையே ஓட்டியது. சரி, அலுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 16 வயதில் தொழில்முறை வீரராகி, சின்ன வயதிலிருந்தே சிமெண்ட்டில் விழுந்து எழுந்த மனுஷன் உட்காரக்கூடாதா? 2007-இல் டிவி கேமரா முன்னால்தான் 21 ஸ்கேட்போர்டு சாதனை செய்தார். அது மட்டும் உனக்கு இனித்தது. 2005-இல் கெட்டரிங்கில் அவர் பெயரில் திறந்த ஸ்கேட் பிளாசாவில்தானே நீ பலகையைக் காலால் சுழற்றும் கிக்ஃப்ளிப் பழகினாய்? விழுவதை விற்கிறார் என்றாய். நீ விழுந்த கதையை நீயும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறாய், என்னை வில்லனாக வைத்து.

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கவில்லை. உன் மணிக்கட்டு குளிருக்கு இன்னும் வலிக்கிறது என்று சித்தி சொன்னார்.

அந்த டேப் வீடு மாறும்போது தொலைந்தது என்று சொன்னேன் அல்லவா, பொய். என்னிடம்தான் இருந்தது. நான் நடக்கும்போது கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. என் ஷூ, நடைபாதை, நான் சொன்ன வார்த்தை, பின்னால் நீ இரண்டு தடவை "அண்ணா" என்று கூப்பிடுவது, எல்லாம் அதில் இருக்கிறது. நேற்று தபாலில் சேர்த்தேன். போட்டுப் பார்க்க உன்னிடம் கேமரா இருக்காது என்று அதையும் வைத்திருக்கிறேன். சார்ஜர் பழசு, கொஞ்சம் அழுத்திச் செருகு.