விசாரணைக்கு அழைத்தால் எழுத்தில் அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் வக்கீல் குமாஸ்தா. காலையில் எங்கள் அலுவலகக் கதவைத் திறக்கும்போதே சில நாள் ஒரு குடும்பம் வாசலில் நிற்கும். "பையனை நேத்து ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் விடலை" என்பார்கள். என்ன வழக்கு, எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. வக்கீல் ஸ்டேஷனுக்குப் போன் போட்டால், "கைதெல்லாம் இல்லை சார், சும்மா விசாரணைதான், முடிஞ்சதும் அனுப்பிடுவோம்" என்று பதில் வரும்.

கைது என்று பதிந்துவிட்டால் சட்டம் துணைக்கு வருகிறது. காரணத்தைச் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பில் வீட்டாரோ அந்தப் பகுதிப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும், மருத்துவர் பார்க்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விசாரணைக்கு நடுவே வக்கீலைச் சந்திக்கும் உரிமையையும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-வது பிரிவு கைதானவருக்கே தருகிறது. கைது என்று எழுதாமல் ஒருவரை உட்கார வைத்துவிட்டால் நடைமுறையில் இவற்றில் ஒன்றுமே அவருக்குக் கிடைப்பதில்லை. மடப்புரம் கோயில் காவலாளி 2025 ஜூனில் நகைத் திருட்டுப் புகாரில் விசாரணைக்குத்தான் அழைத்துச் செல்லப்பட்டார். அடித்தே கொன்றுவிட்டார்கள்.

இத்தனைக்கும் அழைப்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தில் சந்தேகப்பட்டு, கைது தேவையில்லை என்று கருதினால், 35-வது பிரிவின்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. வழக்கைப் பற்றி விவரம் தெரிந்தவர் என்று அழைப்பதானாலும் 179-வது பிரிவின்படி எழுத்தில்தான் உத்தரவு தர வேண்டும். அதிலும் பெண்களை, 60 வயது கடந்த ஆண்களை, 15 வயதுக்குக் குறைந்த பையன்களை அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது என்பதைப் பழைய சட்டத்தை வைத்து 1978-லேயே உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைநாட்டியவர் ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி. தன்னைக் குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உறுதியானது. முதல்வராக இருந்தவரால் அவ்வளவு தூரம் போக முடிந்தது. காய்கறி விற்கும் அம்மாவால் முடியுமா?

கையெழுத்து விஷயம் இன்னும் மோசம். விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கவே கூடாது (181-வது பிரிவு). ஆனால் காணாமல் போன ஒரு செல்போனுக்காக அழைக்கப்பட்ட மெக்கானிக் பையன் ஒருவன், வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தான். அந்தத் தாளில் அப்புறம் என்ன எழுதுவார்களோ என்று அவன் அப்பா தினமும் எங்களிடம் வந்து கேட்டார். என்ன சொல்வது?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. புகார் கொடுக்க வருபவருக்கு சி.எஸ்.ஆர். ரசீது தருகிற ஸ்டேஷனில், விசாரணைக்கு வந்தவருக்கும் ஒரு சீட்டு கொடுக்கட்டும். யார் அழைத்தது, எந்தப் புகார், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதி, அதிகாரி கையெழுத்துப் போடட்டும். ஸ்டேஷன்களில் சிசிடிவி வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் உள்ளே போன நேரத்துக்கே சான்று இல்லாதவர் எந்தப் பதிவைக் கேட்பார்? அந்தச் சீட்டு நேர்மையான காவலருக்கும் பாதுகாப்புத்தான். நாளைக்கு ஒரு பொய்ப் புகார் வந்தால் காட்ட அவரிடம் ஒரு தாள் இருக்கும்.

இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். அது வரும்வரை, அழைப்பு வந்தால் வீட்டார் நோட்டீஸ் கேளுங்கள், அழைத்தவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா
(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்)