சாந்திக்கு, பித்தவெடிப்பு விஷயமாக

நீடாமங்கலம்,
ஆனிக் கடைசி.

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே பொழுது போய்விடுகிறது, கோபித்துக்கொள்ளாதே. மேட்டூரை ஜூன் 12 அன்று திறந்தார்கள். மூணாறு தலைப்பு மதகைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததிலிருந்து தெருவில் ஆள் இல்லை, எல்லாரும் குறுவை நடவில். சாயங்காலம் வேலை முடிந்ததும் இரண்டு மூன்று பெண்கள் நம் வீட்டுத் திண்ணையில் வந்து காலை நீட்டுகிறார்கள். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆனாலும் அவர்களுக்கு நான் இன்னும் நர்ஸம்மாதான்.

உன் குதிகாலுக்கு வருகிறேன். வாசலின் தடவி, மேலே பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதற்கு மேல் சாக்ஸ் போட்டு ஒரு வாரம் ராத்திரி பகலாக அவிழ்க்காமல் இரு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாமே. வாசலின் சரி. சாக்ஸும் சரி. அந்தக் கவரும் ஒரு வாரமும்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று திண்ணைக்கு வந்தவள் ஒருத்தி கால்விரலைப் பிரித்துக் காட்டினாள். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளை வெளேரென்று, ஊறிய அவல் மாதிரி. நகம் பட்டால் உரிந்து வருகிறது, உள்ளே சிவப்பு. சேற்றுப்புண்தான், நாம் சின்ன வயதில் பார்க்காததா? மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டிருந்தாள். அதைவிட முக்கியம் ராத்திரி கால் காய்வது என்று சொல்லி, விரலிடுக்கைத் துடைத்துப் பருத்தித் துணியைச் செருகி அனுப்பினேன். வியட்நாமில் மீகாங் டெல்டா வயல்களில் நாள்கணக்கில் நின்ற அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கால் இப்படித்தான் ஊறிப்போனது. அதற்கு ‘பேடி ஃபுட்’, அதாவது நெல்வயல் கால், என்றே பெயர் வைத்தார்கள். நம் நடவுப் பெண்களின் காலுக்கு அப்படி இங்கிலீஷ் பெயர் வைக்க யாரும் வரவில்லை.

தோலின் மேல்பூச்சு இருக்கிறதே, உடம்பில் பல இடங்களில் அது ஒரு காகிதத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. செத்த செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்புகள் காரை. வியர்க்காமலே அதன் வழியாக ஒரு நாளைக்கு 300, 400 மில்லி தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூடிவிட்டால் அது போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். செங்கல் ஊதும், தோல் மெத்தென்று ஆகும். முதல் ராத்திரி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாள்கணக்கில் மூடிவைத்தால் கதை வேறு. தோலுக்கு இயல்பாக ஒரு புளிப்பு உண்டு, கிருமிகளை அடக்கி வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. முன்கையைப் பிளாஸ்டிக்கால் மூடிவைத்துப் பார்த்த ஒரு பழைய ஆய்வில், நாலே நாளில் புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவு (எண் ஏறினால் புளிப்பு குறைவு) 4.4-லிருந்து 7-க்கு வந்துவிட்டது. அதாவது புளிப்பே போய்விட்டது. கிருமிகள் பல ஆயிரம் மடங்கு பெருகியிருந்தன.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? தை மாசம் அம்மா விழுந்து படுக்கையில் கிடந்தபோது, அடியில் மெக்கின்டாஷ் என்கிற ரப்பர் ஷீட், மேலே டயப்பர், ராத்திரி பூராவும் மாற்றவில்லை. எனக்கும் தூக்கம் வேண்டுமே. மூன்றாம் நாள் காலையில் புரட்டிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே துணி துவைத்த கை மாதிரி சுருங்கி, ஓரமெல்லாம் சிவந்து கிடக்கிறது. வார்டில் எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருப்பேன்! அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “எரியுதுடி” என்றாள், அவ்வளவுதான். ஷீட்டைச் சுருட்டிவிட்டுப் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டி மாற்றினேன். ஆற ரெண்டு வாரம் ஆனது.

ஆனால் மூடுவதே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. தோல் போன புண்ணுக்கு மூடிதான் வேண்டும். 1962-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சின்னச் சின்னக் காயம் செய்து, சிலதைப் பாலித்தீனால் மூடினார், சிலதைக் காற்றாட விட்டார். மூடியதில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. ‘புண்ணைக் காயவிடு’ என்று நம் வீடுகளில் சொல்வதற்கு நேர் எதிர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தீக்காய வார்டில் வாழையிலைதான். நடு நரம்பைச் சீவி, துடைத்து, ஆட்டோகிளேவில், அதுதான் நீராவியில் கிருமி நீக்கும் பாத்திரத்தில், வைத்து எடுத்தால் இலை பழுப்புப் பச்சையாகத் துவண்டு வரும். இலையின் மெழுகுப் பூச்சால் அது புண்ணில் ஒட்டாது. காஸ் துணியைப் பிரிக்கும்போது கத்துகிறவர்கள் இலையை எடுக்கும்போது சும்மா இருப்பார்கள். அது போதும் எனக்கு, விண்டரைப் பற்றி அப்புறம்தான் படித்தேன்.

உனக்கோ புண் இல்லை, காரை பெயர்ந்த வெடிப்பு. இது நல்ல தோலுக்கும் புண்ணுக்கும் நடுவில் இருக்கிறது. 1989-ல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் எலித்தோலின் கொழுப்பை அசிட்டோனால் எடுத்துவிட்டு, மேலே ஆவி புகாத உறையைப் போட்டார்கள். தோல் தன்னைச் சரிசெய்யவே கிளம்பவில்லை. ஆவி போகிற உறையைப் போட்டால் கிளம்பியது. தண்ணீர் வெளியே போவதுதான் தோலுக்குத் தகவல், ‘கொழுப்பைச் செய்’ என்று. பிளாஸ்டிக் அந்தத் தகவலை நிறுத்திவிடுகிறது. வாசலின் அப்படியில்லை. தண்ணீர் போவதை வெகுவாகக் குறைத்தாலும், மேல்பூச்சின் இடுக்குகளுக்குள் புகுந்து காரை மாதிரியே உட்கார்ந்துகொள்கிறது. அதன் அடியில் பழுது பார்ப்பதும் நடக்கிறது.

அதனால் ராத்திரி காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவு, துடை, ஈரம் காய்வதற்குள் வாசலின், மேலே பருத்தி சாக்ஸ். காலையில் கழற்றிவிடு. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, அதனால் விட்டு விட்டுச் செய்தால் பலிக்காது. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவி மட்டும் மூடிவிடாதே, ஸ்டீராய்டாக இருந்தால் மூடியபின் பத்து மடங்குவரை உள்ளே இறங்கும். உனக்குச் சர்க்கரை வேறு. வெடிப்பில் ரத்தமோ சீழோ தெரிந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போ.

பேரன் பேச ஆரம்பித்துவிட்டானா? மூத்தவளுக்கு வரன் பார்ப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய், இந்தத் தடவை அதைப் பற்றி மூச்சே இல்லை. அம்மாவைப் புரட்டுகிற நேரம், கூப்பிடுகிறாள். மீதியை ஆடிப்பெருக்குக்கு நீ வரும்போது பேசிக்கொள்ளலாம். செருப்பில்லாமல் ஆற்றில் இறங்க விடமாட்டேன்.

உன்,
வசந்தா