ஓர்க் பொறக்கும்போதே முட்டாளா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கேம் பத்தி பேப்பர்ல எது வந்தாலும் பசங்க கண்ணு கெடுது படிப்பு கெடுதுன்னு தான் வருது, அந்தக் கேமுக்குள்ள யாரை நல்லவனா காட்டறாங்க யாரைக் கெட்டவனா காட்டறாங்கன்னு ஒருத்தரும் எழுதறதில்ல, அதான் இந்த லெட்டர்.

ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்டு மொட்டை மாடில என் அக்கா பையனும் அவன் ஃபிரெண்ட்ஸும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவாங்க, 1974ல வந்த கேம், டைஸ் உருட்டி ஆடறது, கதை சொல்றது நான். அவனுக்கு ஓர்க்கா, அதாவது கதைல வர்ற முரட்டு ராட்சச இனத்து ஆளா, ஆடணும்னு ஆசை. என்கிட்ட இருந்தது 2016ல வந்த புக்கு, அதுல ஓர்க்குக்கு பலம் பிளஸ் 2, அறிவு மைனஸ் 2. எழுதிட்டு இருந்தவன் பென்சிலைக் கீழ வெச்சுட்டு, "ஏன் மாமா, இவன் இன்னும் எதுவுமே பண்ணலையே, அதுக்குள்ள எப்படி மைனஸ்?"னு கேட்டான். எனக்கு வாய் வரல.

இதே கேள்வி உலகம் பூரா வந்து, 2020ல அந்தக் கம்பெனியே ஓர்க்கையும் ட்ரோங்கற கருப்புத்தோல் எல்ஃபையும் (எல்ஃப்னா கூர்காது வெச்ச ஒரு கதை இனம்) நாங்க காட்டின விதம், நிஜத்துல சில இன மக்களை இழிவா பேசுன பேச்சு மாதிரியே இருக்குன்னு ஒத்துக்கிட்டு அந்த மைனஸையும் எடுத்துட்டாங்க. 2024 புக்ல ரேஸ், அதாவது இனம்ங்கற வார்த்தையே போயி ஸ்பீஷீஸ், அதாவது உயிர் வகைன்னு ஆயிடுச்சு, கூடுதல் பாயின்ட் எல்லாம் அந்தப் பாத்திரம் முன்னாடி என்ன வேலை பார்த்துச்சுங்கறதை வெச்சு வருது. கேமைக் கெடுத்துட்டாங்கன்னு கோவப்படறவங்க இருக்காங்க, எனக்கு இது ரொம்ப சரின்னு தான் படுது.

ஆனா எனக்கு ஒரே ஒரு பயம். வம்பே வேணாம்னு இனத்துக்கு இனம் நடக்கற சண்டையையும் சேர்த்து எடுத்துடக் கூடாது. 2011ல வந்த ஸ்கைரிம்ங்கற வீடியோ கேம்ல விண்ட்ஹெல்ம்னு ஒரு பனி ஊரு, உள்ள நுழைஞ்ச உடனே நோர்ட்ங்கற உள்ளூர் மனுஷ இனத்து ஆளுங்க ரெண்டு பேரு ஒரு டார்க் எல்ஃப் பொண்ணை மறிச்சு நீ ஒற்றன்னு மிரட்டறாங்க. அந்த எல்ஃப் ஜனங்க எரிமலை வெடிச்சு சொந்த ஊரை விட்டு ஓடி வந்தவங்க, இங்க குறுகலான சந்துல ஒதுக்குப்புறமா கிடக்கறாங்க. பல்லி மாதிரி இருக்கற ஆர்கோனியனுக்கு ஊருக்குள்ளயே இடம் இல்ல, துறைமுகத்துல மூட்டை தூக்கறான், கூலியும் கம்மி. இந்த ஊரை ஆள்றவர் யாருன்னா, எங்க சாமியைக் கும்பிட விடலன்னு பேரரசை எதிர்த்து சண்டை போடறவரு! இன்னும் ஒண்ணு, அதே வரிசைல 2002ல வந்த மாரோவிண்ட்ங்கற கேம்ல, இதே டார்க் எல்ஃபோட சொந்த நாட்டுல ஆர்கோனியன் அடிமையா விலைக்குப் போறான். அன்னைக்கு அடிச்சவன் இன்னைக்கு அடி வாங்கறான், யார் பக்கம் நிக்கறதுன்னே தெரியாம நான் விண்ட்ஹெல்ம் வாசல்லயே ரொம்ப நேரம் நின்னுட்டேன். ரத்தத்துல இருக்குன்னு ஒரு வரி கூட சொல்ல வேண்டியதில்ல, பட்ட அடி, கூலி, சட்டம், பழைய கணக்கு, இதெல்லாம் காட்டினாலே போதும்.

நம்ம பசங்க நிறைய பேர் இப்போ கேம் செய்யற வேலைக்குப் போறாங்க, அவங்ககிட்ட நான் கேக்கறது இதான், சண்டையை வைங்க, அதுக்குக் காரணத்தையும் வைங்க.

அந்த மைனஸை அன்னைக்கே ரப்பர் வெச்சு அழிச்சுட்டேன். இப்போ எங்க கதைல பொழுது சாஞ்சா ஓர்க்கை ஊருக்குள்ள விட மாட்டாங்க, ஏன்னு பசங்க துருவித் துருவிக் கேட்டதுல நாப்பது வருஷத்துக்கு முந்தின ஒரு ஆத்துத் தண்ணித் தகராறை நான் உக்காந்து எழுத வேண்டியதாப் போச்சு, போன வாரம் இருட்டற வரைக்கும் அந்தத் தண்ணி யாருக்குச் சேரணும்னு தான் பேசிட்டு இருந்தாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி