க்யூபிட்டை மட்டும் எண்ணாதீர்கள்: தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய குவாண்டம் இயக்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கும் ஐஐடி பம்பாயில் இயங்கும் உணரி (சென்சார்) மையத்தாருக்கும்,

வணக்கம்.

2023 ஏப்ரலில் உங்கள் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அன்றிலிருந்து உங்கள் இயக்கத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கணக்குதான் முன்னால் நிற்கிறது. எட்டு ஆண்டில் 50 முதல் 1000 க்யூபிட் வரை. சரி, குவாண்டம் கணினி வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் எனக்கு, உங்கள் நான்கு மையங்களில் சாதாரண மக்களுக்கு முதலில் பயன்படப்போவது உணரி மையம்தான் என்று படுகிறது. அதிலும் ஒரே ஒரு கருவிக்காகத்தான் இந்த மடல்: மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் தலைக்கவசம்.

மூளை வேலை செய்யும்போது தலைக்கு வெளியே எழும் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு மெல்லியது. அதை அளக்கும் எம்.இ.ஜி. கருவி புதிதல்ல, பெங்களூரு நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இருக்கிறது. ஆனால் பழைய வகைக் கருவியின் உணரிகள் மீக்கடத்திகள், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்கள். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் கிடக்க வேண்டியவை. அந்தக் குளிர் தலையில் படாமலிருக்க நடுவே தடுப்பு, அதனால் உணரிக்கும் தலைக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி. கவசமும் பெரியவர்கள் தலைக்கு ஏற்ற ஒரே அளவு. நான்கு வயதுப் பிள்ளையின் தலை அதற்குள் ஆடும். வலிப்பு உள்ள பிள்ளையை அசையாதே என்று எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது?

புதிய உணரியின் உயிர், ரூபிடியம் என்ற உலோகத்தின் ஆவி அடைத்த சில மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடிக் குப்பி. லேசர் பட்டதும் அணுக்களின் தற்சுழற்சி ஒரே திசையில் அணிவகுக்கும். அப்படி நிற்கும்வரை ஒளி தடையில்லாமல் கடந்து போகும். மூளையிலிருந்து துளி காந்தப்புலம் வந்தாலும் அணி கலையும், கொஞ்சம் ஒளி விழுங்கப்படும், மறுபக்கம் உள்ள ஒளியுணரி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஹீலியமே வேண்டாம். (வேடிக்கை என்னவென்றால், இந்தக் குப்பியைச் சூடாக்க வேண்டும்.) இத்தகைய உணரிகளைத் தலையோடு ஒட்டிய கவசத்தில் பதித்து, அதை அணிந்தவர் எதையாவது குடித்துக்கொண்டும் பந்து தட்டிக்கொண்டும் இருக்கும்போதே மூளையைப் பதிவு செய்து காட்டினார்கள் நாட்டிங்ஹாம், லண்டன் ஆய்வாளர்கள். அது 2018இல். டொரண்டோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனைக்கு அந்தத் தொழில்நுட்பம் போய்விட்டது.

வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மருந்து கேட்பதில்லை. அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை உதவும், வலிப்பு கிளம்பும் இடம் துல்லியமாகத் தெரிந்தால். தலையில் மின்முனை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி.யில் வரும் மின்சைகையை மண்டையோடு கலைத்துவிடுகிறது. காந்தப்புலத்தை அது அந்த அளவுக்குக் கலைப்பதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் வலிப்புக்கான அறுவை சிகிச்சை 1995 முதல் நடக்கிறது. அங்கே போகும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கருவி போய்ச் சேர வேண்டிய இடம் அது, இன்னொன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் நரம்பியல் நிறுவனம்.

சென்னையைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த மருத்துவமனைக்கு எதிரே சென்ட்ரல் நிலையம், பக்கத்தில் மின்சார ரயில், அடியில் மெட்ரோ. காந்த இரைச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. நிக்கல் கலந்த உலோகத் தகடுகளால் அறையையே மூட வேண்டும். கவசம் தலையோடு சேர்ந்து அசைவதால், உள்ளே மிச்சமிருக்கும் பூமியின் புலத்தையும் கம்பிச்சுருள்கள் வைத்து அடக்க வேண்டும். ஆய்வகத்தின் அமைதியில் ஓடிய கருவி இங்கே ஓடுமா என்பதுதான் உண்மையான சோதனை. உணரியைவிட அந்த அறைதான் செலவு வைக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு நிதி ஒதுக்காமல் உணரியை மட்டும் செய்து காட்டினால் அது கண்காட்சிப் பொருள்தான்.

இன்னொன்று. இந்த நாட்டுக்கு ரூபிடியம் புதிதல்ல. நம் வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-யில் இருந்த, வெளிநாட்டிலிருந்து வாங்கிய மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதாயின. அப்புறம் இஸ்ரோ தானே ஒன்றைச் செய்து 2023 மே மாதம் என்விஎஸ்-01இல் அனுப்பியது. ரூபிடியம் ஆவியைக் கண்ணாடியில் அடைத்து, ஒளி பாய்ச்சி, வெப்பத்தை நிலையாக வைத்திருக்கும் கைப்பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. அவர்களை உங்கள் மையத்தோடு உட்கார வையுங்கள். குப்பி, லேசர், காந்தத் தடுப்பு அறை: இந்த மூன்றில் எவையெவை இங்கே செய்யப்படும், எவை இறக்குமதி என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். உயர் உணர்திறன் காந்தமானி உங்கள் இலக்குப் பட்டியலிலேயே இருப்பதால் இது கூடுதல் கோரிக்கை அல்ல.

கருவி வந்தும் இயக்க ஆள் இல்லாமல் அறை பூட்டிக் கிடக்கும் கதை நம் நாட்டில் பழசு. எனவே பதிவு எடுக்கும் டெக்னீஷியன், தரவைப் படிக்கும் இயற்பியலாளர் ஆகிய இரண்டு பணியிடங்களையும் இப்போதே மதிப்பீட்டில் சேருங்கள். முதல் குழந்தைக்குப் பதிவு எடுக்கப்போவது எந்த ஆண்டு, எந்த மருத்துவமனையில் என்று அடுத்த ஆண்டறிக்கையில், க்யூபிட் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி இயற்பியல் ஆசிரியர்